புறா விட்ட ஊர்கள்

வண்டியில் இருந்தவர்கள்: மாமா. அக்கா. ஸ்டியரிங்கில் நான். அக்காவின் காலடியில் பிளாக்கி. நாய்தான், நிறம் செம்பட்டை. மாமாவின் மடியில் பிரம்புக் கூடை. கூடைக்குள் நான்கு பந்தயப் புறாக்கள்.

மாமா என்றால் என் அக்காவின் புருஷன். பெயர் வேண்டாம். எண்ணூர்ப் பக்கம் வந்து 'சப்ப மாமா' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட அவர் வீட்டைக் காட்டும். எதைப் பார்த்தாலும் அவர் சொல்வது அந்த ஒரு வார்த்தைதான். சப்ப. உப்பில்லை, உறைப்பில்லை, ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

கலியாண வீட்டுப் பிரியாணி சப்ப. அவர் அம்மா சாவுக்கு வந்த பேண்டு வாத்தியம் சப்ப. அந்த பேண்டை ஏற்பாடு செய்ததே அவர்தான். மெட்ரோ ரயில் எங்கள் பக்கம் வந்த புதிதில் ஊரே ஏறிப் பார்த்தது. அவரும் ஏறினார். கடைசி ஸ்டேஷன் வரை போய், அதே ரயிலில் திரும்பி வந்து இறங்கினார்.

“எப்டி கீது மாமா?” என்றேன்.

“சப்ப. ஜன்னல் தெறக்கமாட்டேங்குது.”

எனக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தபோதும் இதையேதான் சொன்னார். அந்தப் பெண்ணைத்தான் கட்டினேன். நன்றாகத்தான் இருக்கிறோம்.

ஹார்பரில் கிரேன் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கை, வேலைக்காரக் கை. அதை ஒப்புக்கொள்கிறேன். மற்றதை ஒப்புக்கொள்ள முடியாது. பிள்ளை கிடையாது. மொட்டை மாடியில் புறாக்கள் இருந்தன. காலையில் எழுந்ததும் புறாவுக்கு அவர் கையால் கம்பு, சோளம், பட்டாணி. ஒரு புறா தலையைச் சாய்த்தால் அன்றைக்கு அவருக்கு வேறு வேலை ஓடாது. அக்காவுக்கு அவர் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்து நான் பார்த்ததில்லை.

அக்காவுக்கு இரைப்பு. எங்கள் பக்கம் அது புது வியாதி இல்லை. ராத்திரியில் சுவரில் தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். வாயில் வைத்து அடிக்கிற மருந்து ஒன்று உண்டு, பம்ப் என்போம். அது இடுப்பில் இல்லாமல் மாடிப்படி ஏறமாட்டாள். பம்ப் வாங்கி வருவது என் வேலை. மாமா மெடிக்கல் ஷாப் வாசலை மிதித்ததில்லை.

ஒருமுறை ஊரில் காற்றோடு ஏதோ கலந்து வந்தது. எந்த கம்பெனி என்று யாரும் சொல்லவில்லை. கண் எரிந்தது. தொண்டை அடைத்தது. தெருவே ஓடியது. அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அ, ஆ படிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுகிறார்கள்: நாற்றம் வந்தால் துணியை நனை, மூக்கில் கட்டு, காற்றுக்குக் குறுக்கே ஓடு. அக்காவை அன்றைக்கு நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். மாமா மாடியில் கூண்டுகளைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் யாராவது எண்ணூர்க் காற்று ஆகாது என்று சொன்னால் போச்சு.

“கடக்காத்துயா. இந்த மாரி காத்து எவனுக்கு கீது? காசு குட்து பீச்சாண்ட வூடு வாங்கறான். நமக்கு ஓசி.”

நெஞ்சு டாக்டர் சொன்னபோது நானும் கூட இருந்தேன். மூன்று விஷயம் சொன்னார். முடிந்தால் ஊரை மாற்றுங்கள். மாடியில் புறா இருக்கக் கூடாது, அதன் எச்சமும் தூசியும் நுரையீரலுக்கு எதிரி. துணித் தூசியும் நல்லதில்லை.

அக்கா கலியாணத்துக்கு முன்னால் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்தவள். சட்டை வெட்டி மிஞ்சுகிற துண்டுகளை மூட்டையாக வாங்கி வருவாள். தரையில் பரப்பி, நிறம் பார்த்து அடுக்கி, ஒன்றோடொன்று சேர்த்துப் போர்வை தைப்பாள். உள்ளே பழைய சேலை வைத்துத் தையல் போட்டால் கனமாக, சூடாக இருக்கும். தெருவில் பிரசவம் ஆன வீடெல்லாம் அக்கா போர்வைதான்.

வீட்டுக்கு வந்ததும் மாமா சொன்னார்: “டாக்டரே சொல்ட்டாரு. துணிய வுட்டுடு.”

“மூணு சொன்னாரு,” என்றாள் அக்கா.

“மொதல்ல ஒன்ன வுடு. அப்பால பாக்கலாம்.”

“புறா?”

“கோயில் கோபுரத்துல புறா குந்தினுகீது. சாமிக்கு இன்னா இரைப்பா கீது?”

“ஊரு?”

“நல்ல ஊரு ஒன்னு காட்டு. நாளைக்கே மூட்டைய கட்றேன்.”

“ஹார்பர தாண்டி என்ன எங்கியாவது இட்டுனு போய்கீறியா, நான் ஊரு காட்றதுக்கு?”

அதில்தான் வண்டி பிறந்தது.

எங்கள் ஊரில் சினிமா ஷூட்டிங் நடக்கும். அழுக்கு காட்ட வேண்டுமென்றால் இங்கே வருவார்கள். ஹீரோ உட்கார கேரவன் நிற்கும். அதை மாமா ஒருநாள் எட்டிப் பார்த்தார். சப்ப என்றார். நானே செய்வேன் என்றார். ஏலத்தில் ஒரு பழைய பள்ளிக்கூட வேன் எடுத்தார். ரயிலில் இருப்பதுபோல மடக்குகிற படுக்கை இரண்டு, அடுப்பு, கூரையில் தண்ணீர் டிரம், புறாக் கூடைக்குக் காற்றோட்டமாக ஒரு தட்டு, தையல் மெஷினுக்கு ஒரு மேடை. வெள்ளை பெயின்ட் அடித்தார். மேலே சொன்னேனே, கை நல்ல கை.

அக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். என்னிடம் தனியாகச் சொன்னாள்: “தம்பி, நாலு ஊரு பாக்கறோம். எதுனா ஒன்னு இந்த ஆளுக்குப் புட்ச்சி போச்சின்னா நான் பொழச்சிக்குவேன்.”

நான் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவன். வாங்கிவந்த லீவில் கிளம்பினோம்.

மாமாவுக்கு ஊர்கள் தெரியாது என்று நினைக்காதீர்கள். நிறையப் போயிருக்கிறார். எல்லாம் புறா விடப் போன ஊர்கள். பந்தயப் புறாவைக் கூடையில் கொண்டுபோய் எங்கே திறந்துவிட்டாலும் அது தன் கூண்டுக்குத் திரும்பி வரும். முதலில் கிட்டத்தில் விடுவார்கள், பிறகு தூரத்தில். கூடூர், நெல்லூர், ஓங்கோல். வடக்கேதான் பழக்குவார்கள். இவர் ரயிலில் போவார், ஸ்டேஷன் பின்பக்கம் கூடையைத் திறப்பார், அடுத்த ரயிலில் வந்துவிடுவார்.

“ஓங்கோலு எப்டி மாமா?”

“நாலு மணி நேரத்துல வந்துட்சி.”

ஊர் எப்படி என்று கேட்டால் புறா வந்த நேரம் சொல்வார். ஒரு ஊர் எதற்கு இருக்கிறது? அங்கிருந்து எண்ணூருக்குத் திரும்பி வருவதற்கு. அவர் தலையில் அவ்வளவுதான் இருந்தது. இது எனக்குக் கிளம்பும்போது புரியவில்லை. அக்காவுக்கும் புரியவில்லை. ஊர் பார்க்கப் போகிறவர் எதற்குப் புறாக் கூடையைத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

முதலில் மாமல்லபுரம். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அலையில் நின்றாள். பிளாக்கி அலையைக் குரைத்தது. மாமா பாறைச் சிற்பங்களை ஒரு சுற்று பார்த்தார். பெரிய யானை முன்னால் நின்றார்.

“ஹார்பர்ல அலைக்குத் தடுப்பா போட்டுகீறோமே கல்லு, அது இத்த வுட பெருசு.”

“அது சும்மா கல்லுயா. இது செதுக்கனது,” என்றாள் அக்கா.

“செதுக்கி இன்னா ஆச்சி? சின்னதாச்சி. சப்ப.”

கூடையைத் திறந்தார். ஒரு புறாவை இரண்டு கையாலும் எடுத்து, அதன் அலகில் வாய் வைத்து ஏதோ சொல்லி, மேலே வீசினார். அது ஒரு வட்டம் போட்டு வடக்கே போனது. அவ்வளவுதான், மாமல்லபுரம் முடிந்தது. அக்கா காலில் மணல் காயவில்லை. வண்டியில் ஏறச் சொன்னார்.

ஒரு மணி நேரம் கழித்து போன். எண்ணூரில் மாடியைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய தோஸ்து.

“மாமு! வந்துட்சி மாமு! ஷோக்கா வந்து குந்திச்சி!”

மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே. கலியாண மாப்பிள்ளை. “கேட்டியாமே? வந்துட்சாம்!”

“அடுத்த ஊருக்கே நாம இன்னும் போய் சேர்ல. அது வூட்டுக்குப் போய்ட்சா,” என்றாள் அக்கா.

இரண்டாவது வேளாங்கண்ணி. எங்கள் குடும்பம் ராயபுரம் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம். மாதா ஊரை எப்படிக் குறை சொல்வார் என்று தைரியமாக இருந்தேன். கோயில் வாசலில் தகட்டில் அடித்த கை, கால், கண் விற்பார்கள். எந்த உறுப்புக்கு நோயோ அதை வாங்கிக் காணிக்கை போடுவது வழக்கம். அக்கா நுரையீரல் தகடு ஒன்று தேடி எடுத்தாள். மாமா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாமே இது, ரெண்டு இட்லிய ஒட்டி வச்சமாரி கீது. இத்தப் போட்டா மாதா வயித்து வலின்னு நென்ச்சிக்கும்.”

கடைக்காரப் பையன் சிரித்துவிட்டான். அக்கா அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் போட்டுவிட்டு வந்தாள். முட்டி போட்டு நடந்து போகிறவர்கள் பக்கத்தில் அவளும் கொஞ்ச தூரம் போனாள். எழுந்தபோது இரைக்கவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

“இங்கியே ஒரு ரூம் பாத்தா என்னாயா? கடலும் கீது, கோயிலும் கீது.”

“மாதா நல்ல மாதா,” என்றார் மாமா. “ஊருதான் சப்ப.”

இரண்டாவது புறா.

திருவாரூர்ப் பக்கம் டீக்கடையில் நிறுத்தினோம். வெள்ளை வண்டியைப் பார்த்துக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

“அண்ணே, கேரவனாண்ணே? யாருண்ணே உள்ள?”

“எந்தப் படம்ண்ணே?”

ஒரு பள்ளிக்கூடப் பெண் ஜன்னலில் எக்கிப் பார்த்தாள். உள்ளே அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். காலடியில் பிளாக்கி சொறிந்துகொண்டிருந்தது.

“ஏய், யாருமே இல்லடி. ஒரு ஆயாவும் நாயும்தான்.”

“இவ்வளவுதானா?” என்று கூட்டம் கலைந்தது.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். மாமாவுக்குக் கோபம். “பட்டிக்காட்டுப் பசங்க, ஒரு பொருளோட அரும தெர்ல,” என்று தஞ்சாவூர் வரை புலம்பினார். தன் சரக்கை அடுத்தவன் சப்ப என்றால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் மாறவில்லை. அதுதான் அந்த மனுஷன்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். காலையில் போய் நின்றார். வெயில் ஏற ஏறச் சுற்றிச் சுற்றி வந்தார். நாயை உள்ளே விடாததால் நான் வெளியே இருந்தேன். மத்தியானம் வந்தார். இவ்வளவு சந்தோஷமாக அவரை அந்தப் பயணத்தில் நான் பார்க்கவில்லை.

“வுழுது மச்சான்! நெழலு வுழுது! நானே மிதிச்சிப் பாத்தேன்!”

ஏமாற்றம்தான் அவருக்குச் சாப்பாடு. மூன்றாவது புறாவை விட்டார். அன்றைக்கு அக்காவுக்கு வெயிலில் இரைப்பு வந்துவிட்டது. வண்டிக்குள் படுக்க முடியாமல் முன் சீட்டில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். மாமா எதிர் ஓட்டலில் போன் காதில் வைத்தபடி இரண்டு தட்டு சாப்பாடு சாப்பிட்டார். புறா போய்ச் சேர்ந்துவிட்டது அல்லவா.

இத்தனை ஊரிலும் அக்கா தைத்துக்கொண்டே வந்தாள். வண்டி ஓடும்போது கையால், நிற்கும்போது மெஷினில். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பெரிய போர்வை. “எந்த ஊரு நம்ம ஊர்னு முடிவாவுதோ, அங்க விரிச்சிப் படுக்கணும்,” என்றாள். ஊட்டிக்கு மலை ஏறும்போது கடைசி ஓரம் அடித்து முடித்தாள்.

ஊட்டி அக்காவுக்குப் பிடித்தது. குளிரில் இரைப்பு கூடும் என்று பயந்தேன். கூடவில்லை. ஊருக்கு வெளியே ஒரு சரிவில் நிறுத்தினோம். மரங்கள் நெடுநெடுவென்று நின்றன. பனி இறங்கிக்கொண்டிருந்தது. நான் டயருக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது காற்று திரும்பியது. ஒரு நெடி. காட்டமாக, மூக்கின் உச்சிவரை ஏறுகிற நெடி. சரிவின் கீழே ஒரு கொட்டகையிலிருந்து வெள்ளைப் புகை.

மாமா கத்தினார்.

“கேஸு! கேஸு வுட்டுட்டான்! துணிய நனை! மச்சான், வண்டிய எடு! குறுக்க ஓட்டு!”

கேஸ் என்று கத்தும்போது யோசிக்க நேரம் இருக்காது. கை தானாக என்ன செய்கிறதோ அதுதான். அவர் கை அக்கா மடியிலிருந்து போர்வையை உருவியது. டிரம் குழாயைத் திறந்து அதை நனைத்தது. நனைத்த போர்வையை இரண்டாக மடித்துப் புறாக் கூடையை மூடியது. உள்ளே ஒரே ஒரு புறா இருந்தது. நாலு பக்கமும் இடுக்கு விடாமல் சொருகியது. பிறகு தோளில் கிடந்த துண்டை நனைத்துத் தன் மூக்கில் கட்டியது. அதற்குப் பிறகுதான் திரும்பி அக்காவைப் பார்த்தார்.

“இன்னா பாத்துகினு குந்திகீற? மூக்க மூடு!”

அக்கா மூடவில்லை. கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூச்சை நன்றாக இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள்.

“தைலம்யா,” என்றாள். “தலவலிக்குத் தடவற தைலம்.”

கீழே கொட்டகையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். யூக்கலிப்டஸ் இலையை அண்டாவில் போட்டுத் தைலம் காய்ச்சுகிறவர். மாமாவின் மூக்கில் ஈரத்துண்டைப் பார்த்தார்.

“என்னங்க, பல்லு வலியா? ஒரு பாட்டில் தரட்டுங்களா?”

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. எப்போதும் கடற்காற்று என்று பேசிய வாய் அது. நெடி வந்ததும் உடம்பு உண்மையைச் சொல்லிவிட்டது. எண்ணூரில் என்ன காற்று என்று அந்த உடம்புக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே அக்காவை அங்கே வைத்திருந்தார்.

மாமா துண்டை அவிழ்த்தார். முகம் கருத்துப்போனது. “ஊட்டியாம் ஊட்டி. கலீஜ். சப்ப,” என்று கூடையைத் திறந்து கடைசிப் புறாவை எடுத்தார்.

“மூட்டமா கீது மாமா. கண்ணு தெரியாது. வடக்க பழகன புறா, மலையில வழி தெரியாம பூடும். காலைல வுடுங்க.”

“என் புறாவுக்கு நீ வழி சொல்றியா?”

வீசினார். அது மரத்துக்கு மேலே தடுமாறி ஒரு சுற்று வந்தது. பனிக்குள் போனது.

போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இவரே தோஸ்துக்கு மாறி மாறி அடித்தார். “இன்னும் வர்ல மாமு” என்பதுதான் பதில். மாமா சாப்பிடவில்லை. அழுதார். நிஜமாகவே கண்ணீர் விட்டு அழுதார். நான் அதைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தேன்.

அக்கா ஈரப் போர்வையை வண்டிக் கதவில் காயப் போட்டிருந்தாள். சிவப்புச் சாயம் மஞ்சளில் இறங்கி, புண் ஆறுகிற நிறத்தில் இருந்தது. அவள் யாரையும் திட்டவில்லை. போனை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தாள்.

“தம்பி, போற வழியில ஆத்தூர்ல நிறுத்து. எக்ஸ்போர்ட்ல எனக்குப் பக்கத்து மிஷின்ல தெச்சவ ஒருத்தி கீறா. பாத்துட்டுப் போலாம்.”

சேலம் தாண்டி ஆத்தூர். ஊருக்கு வெளியே வயலை ஒட்டி ஒரு ஓட்டு வீடு. முன்னால் தையல் கடை. பின்னால் மலை. வண்டி நின்றதும் ஒரு அம்மா ஓடி வந்து அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வாக்கா! போன் பண்ணதுலேருந்து வாசலையே பாத்துட்டிருக்கேன். உனக்குத் தனியா கட்டில் போட்டாச்சு.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்கா தன் துணிமூட்டையை இறக்கினாள். மெஷினை இறக்கச் சொன்னாள். இறக்கினேன். மாமா சீட்டை விட்டு அசையவில்லை. காலிக் கூடை மடியில் இருந்தது.

“இன்னாமே, மிஷின எதுக்கு எறக்கற?”

“நான் இங்க இருக்கப் போறேன்.”

“இந்த ஊர்லயா? இன்னா கீது இந்த ஊர்ல?”

“காத்து கீது.”

“ஒரு கடல் உண்டா, ஒரு கோயில் உண்டா? சப்ப ஊரு. ஏறு, போலாம்.”

அக்கா ஜன்னலுக்குக் கிட்டே வந்தாள். கத்தவில்லை.

“ஒவ்வொரு ஊரையும் சப்பன்னு சொல்லி ஒரு புறா வுட்ட. கூட காலியா கீதேயா. இங்க இன்னாத்த வுடுவ?”

மாமா கூடையைப் பார்த்தார்.

“என்ன வுட்டுட்டுப் போ,” என்றாள்.

“செரி. இரு. எத்தினி நாள்ல வருவ?”

“கூடையில எட்தாந்து எங்க வுட்டாலும் உன் மாடில வந்து குந்தறதுக்கு நான் இன்னா புறாவா?”

மாமா வாயைத் திறந்தார். எந்த வார்த்தை வரும் என்று எனக்குத் தெரியும். அது வரவில்லை. பிளாக்கி வண்டியிலிருந்து குதித்து அக்கா பக்கத்தில் போய் நின்றது. நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய்ப் புதுப் பம்ப் ஒன்று வாங்கி அக்கா கையில் கொடுத்தேன். கிளம்பினோம்.

விழுப்புரத்தில் வண்டியை நிறுத்தினேன். அங்கே டீ குடிக்கும்போது, “வந்துடுவா,” என்றார்.

எண்ணூரில் கேட்டவர்களுக்கெல்லாம் இதே பதில். “ஆத்தூர் போய்கீது. வந்துடும்.” மாடியில் நிற்பார். முன்னெல்லாம் வானத்தைப் பார்ப்பார். இப்போது தெருமுனையைப் பார்த்தார். பஸ் நின்றால் கழுத்தை நீட்டினார். எனக்கு இரக்கம் வரவில்லை.

“ஒரு போன் போட்டுப் பேசு மாமா.”

“வர்ற புறாவ எவனாவது போன் போட்டு கூப்புடுவானா?”

ஊட்டிப் புறா வரவே இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார். பிறகு சப்ப என்று சொல்வதும் குறைந்தது. திருந்திவிட்டார் என்று தெருவில் சொன்னார்கள். சொல்லிக் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

எட்டு மாதம் போனது. எனக்கு சேலத்துக்கு ஒரு லோடு கிடைத்தது. லாரியை எடுக்கும்போது மாமா கையில் மஞ்சள் பையோடு நின்றார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார்.

“நானும் வரேன். சேலம் பாத்ததில்ல.”

“ஆத்தூர் வழியாதான் போவணும்.”

“வழியில இருந்தா போ. நான் இன்னா வேணான்னா சொன்னேன்?”

தையல் கடை வாசலில் லாரியை ஓரம் கட்டினேன். மாமா இறங்கி இடுப்பில் கை வைத்துச் சுற்றிப் பார்த்தார். மலையைப் பார்த்தார்.

“இன்னாடா மல இது, பாதி கட்டி வுட்டமாரி கீது. சப்ப.”

அக்கா புங்க மரத்தடியில் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கத்தரியை வைத்துவிட்டு, கிணற்றடிக்குப் போய்க் கை கழுவி, குடத்தில் தண்ணீர் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். மாமா அந்தக் குடத்தையே பார்த்தார். டீ போட்டுக் கொடுத்தாள். பிளாக்கி மாமாவை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது.

“நல்லாகீறியா?” என்றாள் அக்கா.

“கீறேன்.”

மாமா மஞ்சள் பையை அவிழ்த்தார். உள்ளே இரண்டு புதுப் பம்ப். மெடிக்கல் ஷாப்பில் நின்று, பேர் சொல்லத் தெரியாமல் பழைய டப்பாவைக் காட்டி வாங்கியிருக்க வேண்டும்.

“இந்த ஊர்ல கெடைக்குதோ இன்னாவோன்னு...” என்று திண்டாடினார். “தீந்து பூட்டிருக்கும்.”

அக்கா அதைத் தொடவில்லை. உள்ளே போய் அலமாரியிலிருந்து ஒரு பம்ப் எடுத்து வந்தாள். நீல நிறம் மங்காமல் புதுசுபோல இருந்தது.

“அன்னிக்கு தம்பி பஸ் ஸ்டாண்ட்ல வாங்கிக் குட்தது. அதான் இது,” என்றாள். “பாரு.”

பம்பின் பின்புறம் சின்னக் கட்டத்தில் எண் தெரியும். புதிதில் இருநூறு இருக்கும். ஒருமுறை அடித்தால் ஒன்று குறையும். எண்ணூரில் ஒரு பம்ப் ஒரு மாதம் தாங்காது.

மாமா அதை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். தெரியவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். வாய்விட்டுப் படித்தார்.

“நூத்தி எம்பத்தொன்னு.”